ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வரும்?

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அந்த வேலைக்கு நான் கொஞ்சமும் பொருத்தமில்லாத ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் எதையும் நான் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆரணியில் பட்டுத் தறி நெய்த குடும்பம். எண்பதுகளின் கடைசியில் பிளஸ் டூ முடித்தேன். இன்ஜினீயரிங் சேர நுழைவுத் தேர்வு என்று ஒன்று உண்டு என்பதே அது நடந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு அண்ணன் செய்யாறு அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். போகிற போக்கில் எனக்கும் ஓர் அப்ளிகேஷன் வாங்கி வந்தார். அவர் படித்தது கணிதம். நானும் கணிதம் என்றே எழுதிக் கொடுத்தேன். அவர் வேதியியல் படித்திருந்தால் இன்று நான் வேதியியல் வாத்தியார்.

பிள்ளைகளிடமும் இதை நான் மறைப்பதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒன்றைச் சொல்வேன்: “எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. தேதி தெரிந்த ஓர் ஆள்தான் இல்லை.”

வழிகாட்டி நிகழ்ச்சிகளில் மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் ஆசையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பெரிதாகக் கனவு காண வேண்டுமாம். எங்கள் பிள்ளைகளுக்குக் கனவுக்குப் பஞ்சமில்லை. எழுப்பிக் கேட்டால் கலெக்டர் என்பார்கள், டாக்டர் என்பார்கள். அதில் பாதி, கேட்கிறவர் மனம் கோணக் கூடாது என்பதற்காகச் சொல்வது. அதனால் ‘நீ என்ன ஆகப்போகிறாய்’ என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஜனவரியில், ரிவிஷன் டெஸ்ட்டுக்கு நடுவே, ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு வேறு மூன்று கேள்விகள் கேட்கிறேன். ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வரும்? முதல் மாதச் செலவுக்குப் பணம் யார் தருவார்கள்? சேர்க்கை அன்றைக்கு உன்னோடு யார் வருவார்கள்?

முதல் கேள்வியைச் சிலர் வேடிக்கையாக நினைக்கலாம். இன்று கலைக் கல்லூரிக்கும் இன்ஜினீயரிங்குக்கும் பாலிடெக்னிக்குக்கும் எல்லாமே ஆன்லைன். பதிவு செய்யும்போது கொடுத்த நம்பருக்குத்தான் கடைசி வரை தகவல் வரும். எங்கள் பக்கத்தில் அப்பா சென்னையில் சென்ட்ரிங் வேலையில் இருப்பார், வீட்டிலிருக்கும் ஒரே போன் அவர் கையில் இருக்கும். ஓ.டி.பி. வரும் நேரத்தில் அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார். போனை எடுத்து நம்பரைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். இன்னும் சிலர் பிரவுசிங் சென்டர்காரர் நம்பரையே கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். ரீசார்ஜ் போடாமல் விட்டதில் இன்கமிங்கே நின்றுபோன நம்பரும் உண்டு. இன்ஜினீயரிங் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்தால் இரண்டே நாளில் உறுதி செய்தாக வேண்டும். இந்தக் கல்லூரியே போதும் என்றோ, இதை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன் என்றோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சீட் போய்விடும். நன்றாகப் படித்த பிள்ளை ரீசார்ஜ் போடாததால் சீட்டை விட்டது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

2025-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் மார்ச்சில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுச் சட்டையில் மை தெளித்துக்கொண்டு வெளியே போகிற பிள்ளைக்கும், கல்லூரி வகுப்பறையில் உட்காருகிற பிள்ளைக்கும் நடுவில் மூன்று நான்கு மாதம் இருக்கிறது. அந்த மாதங்களில் அவர்கள் பள்ளியின் பிள்ளைகளும் அல்ல, கல்லூரியின் பிள்ளைகளும் அல்ல. நாங்கள் பிள்ளைகளைத் தொலைப்பது பரீட்சையில் அல்ல, அந்த இடைவெளியில்தான்.

ஆகவே என் வழிகாட்டலில் பாதி, காகிதம் சேர்ப்பது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் ஆள் என்றால் முதல் பட்டதாரி சான்று. இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். சாதாரண நாளில் சீக்கிரம் வந்துவிடும். ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரே மனுப் போடும், அப்போது நகராது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். எஸ்.டி. சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அவர் விசாரித்துத்தான் தருவார். எங்கள் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் இந்த ஒரு காகிதத்துக்காக வருடக்கணக்கில் அலைந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் நான் பிளஸ் ஒன் சேர்ந்த மாதமே மனு எழுத உட்கார்ந்துவிடுவேன்.

பிறகு இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் அப்பா பெயரே வேறு மாதிரி. பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் என்கிற பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பு என்றால் எங்கள் கிளார்க் மேசையிலேயே பல திருத்தங்கள் முடிந்துவிடும். மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு ஒரு புள்ளியை மாற்றுவதற்குக்கூட அலைய வேண்டும். மாணவர் அடையாள எண்ணான இமிஸ் நம்பரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். என் இரண்டாவது கேள்வியான பணத்துக்கும் இது உதவும்: கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்க அந்த நம்பர் வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் வேண்டும்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் கைவிட்டுப்போன ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021-ல் இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் அதை விரித்தார்கள். அப்படிச் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இந்தப் பெண்ணுக்கு நல்ல கட்-ஆஃப். ஆனால் ஆறாம் வகுப்பு ஒரு வருடம் மட்டும் பாட்டி வீட்டில் தங்கிப் பக்கத்து ஊர் உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாள். அங்கேயும் அரசுச் சம்பளம் வாங்குகிற ஆசிரியர்தான், அதே பாடப் புத்தகம்தான். ஆனாலும் ஒதுக்கீட்டில் அவள் வர மாட்டாள். பொதுப் பட்டியலில் கலந்துகொண்டு ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அவள் அப்பா கடன் வாங்கித்தான் சேர்த்தார். சட்டம் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளையின் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது? அதனால் இப்போதெல்லாம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால் போகிறேன். மைக்கைப் பிடித்து இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

மூன்றாவது கேள்வி, யார் கூட வருவார்கள் என்பது. இதன் அருமையை எனக்குக் காட்டியது ஓர் அம்மா. பள்ளியின் ஹை-டெக் லேபில் அவர் மகளுக்குக் கல்லூரி விருப்பப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக இருநூறுக்கு அவளுக்கு நூற்று அறுபது சொச்சம். அவள் எழுதி வந்த தாளில் ஐந்தே கல்லூரிகள், ஐந்தும் சென்னை. பாடப்பிரிவு எல்லாவற்றுக்கும் ஏ.ஐ. டேட்டா சயின்ஸ். யாரோ யூடியூபில் சொன்னது. இந்தக் கட்-ஆஃபுக்குச் சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்த ரவுண்டில் மூடியது என்று திரையில் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். களத்து மேட்டிலிருந்து நேராக வந்திருந்தார், புடவைக் கொசுவத்தில் உமி ஒட்டியிருந்தது. நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

“எல்லாஞ் சரி சார். இதுல எந்தக் காலேஜுல சேந்தா பொண்ணு சாயங்காலம் எத்தினி மணிக்கு ஊட்டுக்கு வரும்?”

மகள், “அம்மா, சும்மா இரு,” என்றாள்.

நான் பதில் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்கு என் அட்டவணையில் இடமே இல்லை. அந்த அம்மா அதைக் கேட்காமல் வீட்டுக்குப் போயிருந்தால், சீட் வந்த பிறகு சித்தப்பாவும் மாமாவும் அதையே கேட்டிருப்பார்கள். அப்போது பதில் சொல்ல நான் அங்கே இருக்க மாட்டேன். உட்கார்ந்து மறுபடி எழுதினோம். ஆரணியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி மேலே வந்தது. சென்னையில் விடுதி உள்ள இரண்டு அதற்கு அடுத்து. வேலூர் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரி அதற்கும் கீழே. ஐந்து பெயர் இருந்த பட்டியல் ஒரு முழுப் பக்கமாக நீண்டது. ஒவ்வொரு வரியையும் அம்மா வாயால் சொல்லவைத்துப் பூட்டினோம். அன்றிலிருந்து அப்பாவோ அம்மாவோ வராமல் எந்தப் பிள்ளைக்கும் நான் பட்டியல் போடுவதில்லை. கல்லூரிக்குப் போகப்போவது பிள்ளைதான். அனுப்பப்போவது குடும்பம்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு விருந்தாளிகள் வருவார்கள். சுயநிதிக் கல்லூரிகளின் ஆட்கள். ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று கணக்குச் சொல்வார்கள். பணத்தை நான் தொட்டதில்லை. ஆனால் அவர்கள் வாங்கித் தந்த டீயைக் குடித்திருக்கிறேன், டைரியை வாங்கியிருக்கிறேன். அப்படி வந்த சுவர்க் கடிகாரம் ஒன்று இன்றும் என் வீட்டில் ஓடுகிறது. ‘முதல் வருடம் ஃபீஸே இல்லை, லேப்டாப் இலவசம்’ என்பார்கள். இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் வெளியே வர நினைக்கிற பிள்ளையிடம், அசல் சான்றிதழ் வேண்டுமென்றால் மொத்தப் பணத்தையும் கட்டு என்பார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. அது தெரிந்த பெற்றோர் எங்கள் ஊரில் எத்தனை பேர்? ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன்: விண்ணப்பம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்.

இதைவிட வெட்கமான ஒன்று, பேனர் ஆசை. ஒவ்வொரு ஆண்டும் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுவோம். பெரிய கல்லூரிகளில் சேர்ந்த பிள்ளைகளின் படம், கீழே ‘வழிகாட்டிய ஆசிரியர்’ என்று என் பெயர். முதல் குரூப் படித்த ஒரு பையன் இன்ஜினீயரிங் வேண்டாம், பாலிடெக்னிக் மெக்கானிக்கல் போதும் என்று நின்றபோது அவனோடு நான் மணிக்கணக்கில் வாதாடினேன். அவன் நன்மைக்காக என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். பிளஸ் டூ முடித்ததால் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டு வருடத்தில் கையில் ஒரு தொழில் இருக்கும். வசதி வந்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்து மூன்று வருடத்தில் முடிக்கலாம். “கூட ஒரு வருஷம்தான் சார் ஆகும். நடுவுல எப்ப பணம் நின்னாலும் கையில ஒரு சர்டிபிகேட் இருக்கும்.” நான்கு வருடப் படிப்பில் மூன்றாம் வருடம் பணம் தீர்ந்தால் கையில் ஒன்றும் இருக்காது என்று பதினேழு வயதில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று யார் எந்த வழியைச் சொன்னாலும் நான் பார்ப்பது இதைத்தான்: பாதியில் நிற்க நேர்ந்தால் அங்கே ஒரு படி இருக்கிறதா?

ஃபெயிலான பிள்ளைகளைப் பற்றி யாரும் பேனர் கட்டுவதில்லை. ரிசல்ட் அன்று அவர்கள் பள்ளிப் பக்கமே வர மாட்டார்கள், நாம்தான் வீட்டுக்குப் போக வேண்டும். நான் போகும்போது அறிவுரை எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை, துணைத் தேர்வுக்கான விவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன். விட்ட பாடத்தை ஜூன் கடைசி, ஜூலையில் எழுதிவிடலாம். தேறினால் அதே ஆண்டில் இன்ஜினீயரிங் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. கலைக் கல்லூரிகளில் காலியிடமும் கிடைக்கும். அப்படியும் சேராமல் நின்றுவிட்டவர்களுக்காக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ‘உயர்வுக்குப் படி’ முகாம் நடத்துகிறார்கள். ஒரு வருடம் போய்விட்டது என்று அழுதுகொண்டிருக்கும் வீட்டில், போகவில்லை, இரண்டு மாதம்தான் என்று சொல்ல ஓர் ஆள் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் மூன்று கேள்விகளுக்குள் அடங்காத ஒருத்தி இருக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண், வணிகவியல் குரூப். செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிகள் இருக்கின்றன. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அவள் அதில் ஏறப்போவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. கலைக் கல்லூரியில் பெரிய ஃபீஸ் இல்லை, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மாதம் 1,000 ரூபாய் அக்கவுன்ட்டில் ஏறும், நீ படிக்க வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வேண்டாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் என் பேனாவை வாங்கிக்கொண்டு அதே தாளின் பின்பக்கம் எழுதினாள். மகளிர் குழு லோன் வாரத் தவணை. அப்பாவின் மாத்திரை. தம்பியின் பரீட்சை ஃபீஸ். வீட்டு வாடகை. கூட்டிக் கோடு போட்டாள்.

“நான் படிக்கிறதுக்குக் காசு வேணாம் சார். நான் படிக்கிற மூணு வருஷமும் இத யாரு கட்டுவாங்க?”

கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்கில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் வேலைக்குப் போனாள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர மட்டும் உதவினேன். அஞ்சல்வழிப் படிப்புக்குப் புதுமைப் பெண் பணம் கிடையாது. ஷிஃப்ட் முடிந்து வந்து படிக்கிறாள், சில பேப்பர் விட்டிருக்கிறாள். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தில், கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர் குறைந்துபோனதே என்ற வருத்தம் எவ்வளவு, அவளுக்காகப் பட்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை. அதற்கப்புறம் பேனரில் என் பெயர் போட வேண்டாம் என்று ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன்.

கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பதினேழு வயதுப் பிள்ளையின் வாழ்நாளுக்கு யாராலும் திட்டம் போட முடியாது. என் அப்பாவால் முடியவில்லை, எதிர்வீட்டு அண்ணனாலும் முடியவில்லை, என்னாலும் முடியாது. அடுத்த நான்கு மாதத்துக்குப் போடலாம். எந்தத் தேதியில் எந்தக் காகிதம், யார் போன், யார் பணம், முதல் வழி அடைபட்டால் இரண்டாவது வழி எது என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். மீதியை அந்தப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் நம்மைவிட நன்றாகவே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் தெருவிலும் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதிய பிள்ளை ஒன்று இருக்கும். மே மாதத்தில் பார்த்தால் ‘எவ்வளவு மார்க்’ என்று கேட்காதீர்கள், ஊரே அதைக் கேட்டு முடித்திருக்கும். ‘எங்கெங்கே அப்ளை பண்ணியிருக்கே, வருமானச் சான்று வந்துடுச்சா’ என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அரை நாள் லீவு போட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பதிவு செய்யும்போது வீட்டில் சரியான போன் இல்லையென்றால் உங்கள் நம்பரைக் கொடுங்கள். கலந்தாய்வு முடியும்வரை அதற்கு ரீசார்ஜ் போட மறக்காதீர்கள்.